தமிழருக்கு வைத்தியராய் வாழ்ந்தவர்
டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822 – 1884)

வைகாசிப் பொங்கல் நாளிலே வற்றாப்பளைக்கு வருவோருட் பெரும்பாலார் ஏதோவொரு நேர்த்தியோடு வருகின்றனர். பிள்ளைக்கு வருத்தம் மாறியமைக்காக ஒரு தாய் பாற்செம்பு எடுக்கின்றாள். கால் சுகப்பட்டமைக்காக ஒரு கமக்காரன் காவடி தூக்குகின்றான். கடல்நீரிலே விளக்கெரியும் இச்சந்நிதியிலே நோயும் நோய் நீக்கமும் இன்று நேற்றுப் பேசப்படும் விஷயங்களல்ல. அம்மாள் வருத்தம் என்ற பெயரே அதற்குச் சான்று. வைசூரியானாலும் கொப்புளிப்பானானாலும் நம் மூதாட்டியர் நோயாளியைத் தனியே கிடத்தி, வேப்பிலை கட்டி, உரத்த பேச்சை விலக்கி, குளிர்ந்த உணவு கொடுத்து, அவன் மனம் சலியாதபடி பார்த்துக்கொண்டனர். உடம்பைப் பேணும்போது உள்ளத்தையும் சேர்த்துப் பேணவேண்டும் என்பதை அவர்கள் எந்தப் புத்தகத்திலும் படித்தறிந்தவர்களல்லர்.

இம்மலரிலே சென்ற ஆண்டுகளிலே அடியார்கள் வரலாறும் புலவர்கள் வரலாறும் வந்தன. இவ்வாண்டு நான் எழுத எடுத்துக்கொண்டவர் அடியாருமல்லர், புலவருமல்லர், நம் சமயத்தவருமல்லர். அவர் ஓர் அமெரிக்கர். கிறிஸ்தவ மிஷன் வைத்தியர். மிஷன் பாடசாலையிலே படித்தவனாகையாற் கற்ற இடத்துப் பாசத்தினாலே எழுதுகின்றான் எனப் பெரியோர்கள் கருதக்கூடும். என்னை எழுதத் தூண்டியது அதுவன்று. எங்கள் வீட்டிலே நிகழ்ந்த ஒரு சம்பவமே.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போன முதலாண்டிலே, என் அம்மம்மாவுக்கு ஒரு வைத்தியசாலையிலே இரண்டு வகைக் குளிசைகள் கொடுத்தனுப்பினார்கள். ஒன்று பிரஷருக்கு, மற்றது சீனி வருத்தத்துக்கு. உறைகளின்மேல் எழுதியிருந்தது ஆங்கிலம். அவருக்குத் தமிழ் நன்றாக வாசிக்கத் தெரியும்; தேவாரமும் கந்தபுராணமும் கண்ணாடி போட்டு வாசிப்பவர். அந்த நாலு ஆங்கிலச் சொல்லை வாசிக்க அவரால் இயலவில்லை. கேட்கவும் கூச்சம், பின்னால் நீண்ட வரிசை. ஒரு நேரம் எடுக்கவேண்டியதை மூன்று நேரம் எடுத்தார். மூன்றாம் நாள் அடுப்படியிலே மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார் என்பது அம்மாளின் கிருபை. ஆங்கிலம் படித்த பேரன் விடுதியிலே இருந்தான். ஆங்கிலத்தாலே அம்மம்மா வீட்டிலே விழுந்து கிடந்தார். அந்த வெட்கம் என்னை விட்டு நீங்கவில்லை. அதன் பின்னரே, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே குறையைக் கண்டு, அதை நீக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர் இருந்தார் என்பதை அறிந்தேன்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆம் திகதி அமெரிக்காவிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிலே பிறந்தார். அதே 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலேதான் நல்லூரிலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் அவதரித்தார்கள் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். கிறீனின் தந்தையார் ஒரு சட்டத்தரணி. பிள்ளைகள் பலர் நிறைந்த பெரிய குடும்பம். தமையனாராகிய அன்ட்ரூ கிறீன் பிற்காலத்திலே நியூயோர்க் நகரத்து நிருவாகத்திலே பெரும்பெயர் பெற்றவர். அந்நகரின் நடுவே ஏழையும் செல்வனும் ஒருங்கே நடந்து இளைப்பாறத்தக்க பெரும் பூங்காவை அமைத்ததிலே முன்னின்றவருள் அவரும் ஒருவர். தமையனார் தம் நகரத்து மக்களின் சுகத்துக்குப் பூங்கா அமைத்தார்; தம்பியார் கடல்கடந்து வந்து நம் மக்களின் சுகத்துக்குப் பாடுபட்டார்.

கிறீன் நியூயோர்க்கிலே வைத்தியக் கல்வி பயின்று 1845இலே பட்டம் பெற்றார். வைத்திய உலகம் பெரும் மாற்றத்தை எதிர்நோக்கியிருந்த காலம் அது. 1846இலே அவருடைய மாநிலத்துப் பொஸ்டன் நகரிலேதான், நோயாளிக்கு ஈதர் என்னும் ஆவியை மணக்கச் செய்து மயக்கி, நோவின்றிச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்பது பலரறிய முதன்முதல் மெய்ப்பிக்கப்பட்டது. அத்தகைய காலத்திலே தம் நாட்டிலேயே இருந்திருந்தால் அவர் பொருளும் புகழும் பெற்றிருப்பார். அவர் அதை நாடவில்லை. 1847இலே கப்பலேறி, அவ்வாண்டு ஒக்டோபரிலே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. இம்மலரை வாசிக்கும் நம் சங்கத்து இளைஞர் பலருடைய வயதே அது.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இலே. பண்டத்தரிப்பிலே டாக்டர் ஸ்கடர் என்பவரும், அவர்க்குப் பின் டாக்டர் வார்ட் என்பவரும் முன்னரே வைத்தியம் செய்திருந்தனர். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையிலும் 1848 தொடக்கம் மானிப்பாயிலும் பணிபுரிந்தார். வாந்திபேதியும் வைசூரியும் அடிக்கடி பரவிய காலம் அது. வாந்திபேதி எதனால் வருகின்றதென்பது உலகத்தில் எவருக்கும் திடமாகத் தெரியாது. அது குடிநீரினாற் பரவுகின்றதென்பதை இலண்டனிலே டாக்டர் ஸ்னோ எடுத்துக்காட்டியது 1854இலே. அதன் கிருமியைக் கல்கத்தாவிலே ஆராய்ந்து ஜேர்மானிய அறிஞர் கொக் உலகுக்கு அறிவித்தது 1884இலே, கிறீன் மறைந்த ஆண்டிலே. ஆகவே கிறீன் தம் வாழ்நாள் முழுவதும் எதிரியின் முகத்தை அறியாமலே போராடியவர்.

நோயாளர் வண்டியிலும் தோளிலும் சுமக்கப்பட்டு மானிப்பாய்க்கு வந்தனர். ஒரு வைத்தியராலே அத்தனை பேரையும் பார்த்தல் இயலாது. ஆகவே 1848இலே கிறீன் தமிழ் இளைஞர் சிலரைத் தெரிந்தெடுத்து மேனாட்டு வைத்தியம் கற்பிக்கலானார். கொழும்பிலே அரசாங்கம் வைத்தியக் கல்லூரியைத் தொடங்கியது 1870இலே. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னமே மானிப்பாயிலே வைத்தியக் கல்வி தொடங்கிவிட்டது. அதே 1848இலேதான் நாவலர் அவர்கள் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். ஓராண்டிலே பிறந்த இருவர், ஓராண்டிலே, சில மைல் தூரத்துள், இரண்டு பள்ளிகளைத் தொடக்கினர். ஒன்று ஆன்மாவுக்கு, மற்றது உடம்புக்கு.

1850இலே அரசாங்க ஏசண்டராக இருந்த டைக் என்பவரின் முயற்சியாலே யாழ்ப்பாண நகரிலே ஏழைகளுக்கென ஒரு தர்ம வைத்தியசாலை எழுந்தது. அதன் ஆரம்பகாலப் பணியிலே கிறீனும் அவர்தம் மாணாக்கரும் பங்குகொண்டனர். இன்று வன்னியிலிருந்து நாம் கடும் நோயாளரைக் கொண்டு ஓடுகின்ற யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை அந்த விதையிலிருந்து வளர்ந்த மரமேயாகும்.

தொடக்கத்திலே கிறீன் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். வட்டுக்கோட்டைச் செமினரியிலே படித்தவர்கள் ஆங்கிலம் அறிந்தவர்களாகையால் அது எளிதாயிருந்தது. ஆனால் விரைவிலே அவர் இரண்டு குறைகளைக் கண்டார். ஆங்கிலத்திலே வைத்தியம் கற்றவன் அரசாங்க உத்தியோகத்தையும் பட்டினத்தையும் நாடிப் போகின்றான். கிராமம் பழையபடி வைத்தியரின்றியே கிடக்கின்றது என்பது ஒன்று. ஆங்கிலத்திலே கற்ற வைத்தியன் நோயாளியோடு பேசும்போது, நோயின் இயல்பை அவனுக்கு விளக்கச் சொல்லின்றித் தடுமாறுகின்றான் என்பது மற்றொன்று. மருந்து கொடுக்கலாம், தண்ணீரைக் காய்ச்சிக் குடி, புண்ணைச் சுத்தமாக வைத்திரு, பிரசவ வீட்டிலே இன்னது செய்யாதே என்பவற்றை அவர்கள் மனங்கொள்ளும்படி சொல்லாவிட்டால், கொடுத்த மருந்து பாதி வீணாகும்.

இதற்கு அவர் கண்ட வழி தமிழே. முதலில் தாம் தமிழ் கற்றார். பேசுமளவுக்கு மாத்திரமன்று, நூல் எழுதுமளவுக்கு. 1857இலே உடலமைப்பையும் உடலின் தொழிலையும் சுகாதாரத்தையும் கூறுகின்ற கற்றர் என்பவரின் நூல், அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்னும் பெயரோடு தமிழிலே வெளிவந்தது. அதே ஆண்டிலே மவுன்செல் என்பவரின் பிரசவ வைத்தியமும் வெளிவந்தது. முதலில் வெளிவந்தவற்றுள் ஒன்று பிரசவம் பற்றியது என்பதை நம் தாய்மார் கவனித்தல் வேண்டும். அக்காலத்திலே பிள்ளைப்பேற்றிலே இறந்த பெண்கள் இல்லாத ஊர் இல்லை.

பத்தாண்டு இடைவிடாது உழைத்த கிறீன் அவ்வாண்டிலே தாய்நாடு திரும்பினார். அங்கே மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்து, 1862இலே மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1864இலே முழுவதும் தமிழிலே வைத்திய வகுப்பைத் தொடங்கினார். சத்திரசிகிச்சையைக் கூறும் இரண வைத்தியம் 1867இலே வெளிவந்தது. கிறே என்பவரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் எனவும், நோய்களையும் சிகிச்சையையும் கூறும் வேறொரு நூல் வைத்தியாகரம் எனவும் 1872இலே தமிழாயின. மாணாக்கராகிய சப்மன், சுவாமிநாதன் என்போர் துணைநின்ற கெமிஸ்தம் என்னும் இரசாயன நூல் 1875இலே நாகர்கோவிலிலே அச்சாயிற்று. நம் நாட்டு மருந்துச் சரக்குகளைக் கூறுகின்ற இந்துபதார்த்தசாரமும் அவர் முயற்சியே. எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்படும்.

ஒரு சொல்லை எவ்வாறு ஆக்கினார் என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. முதலிலே தமிழிலே வழக்கிலுள்ள சொல்லைத் தேடினார். பரியாரிமாரின் வாகடங்களிலும் ஊர்ப்பேச்சிலும் கிடைத்தவற்றை எடுத்துக்கொண்டார். கிடையாவிடத்து வடமொழியை நாடினார். அங்கும் கிடையாவிடத்தே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இணங்க எழுதினார். நூலின் ஈற்றிலே அருஞ்சொற்களுக்கு விளக்கமும் சேர்த்தார். அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய அவருடைய சொற்கள் பல இன்று வழக்கொழிந்தன. அவற்றினும் நல்ல சொற்கள் வந்தன. ஆயினும் முதற் பாதை வெட்டியவனின் கத்தி மழுங்கியது என்று நாம் குறைகூறல் தகாது.

கிறீனிடம் ஆங்கிலத்திலும் தமிழிலுமாக வைத்தியம் கற்றுத் தேறியவர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருள் அரைவாசிக்கு மேற்பட்டோர் தமிழிலே கற்றவர்கள். தமிழிலே கற்றவர் தம் ஊர்களிலே தங்கி, தம் மக்களிடையே வைத்தியம் செய்யவேண்டும் என்பதே அவருடைய நோக்கம். நோயாளியின் மொழியைப் பேசி, அவன் வீட்டுத் திண்ணையிலிருந்து, அவன் உண்பது உடுப்பது அறிந்து மருந்து கொடுக்கும் வைத்தியனையே அவர் உருவாக்க விரும்பினார். தமிழர் எம்மதத்தைத் தழுவினாலும் உடையிலும் நடையிலும் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பதும், மேனாட்டாரைப் பார்த்து நடித்தல் பிழை என்பதும் அவர் கொள்கை. பிற மிஷனரிமார் பலர் அவ்வாறு எண்ணவில்லை.

இனி, மறைக்கக்கூடாத ஒன்றையும் சொல்லவேண்டும். கிறீன் வைத்தியம் செய்ய மாத்திரம் வந்தவரல்லர். தம் மதத்தைப் பரப்புவதற்கும் வந்தவர். மருந்துக்கு வந்தவர்களுக்கு மருந்தோடு போதனையும் கிடைத்தது. நோயாற் சோர்ந்தவன் முன்னே மதத்தை வைத்தல் முறையோ என்று நம் முன்னோர் கேட்டது நியாயமே. நாவலர் அவர்கள் அக்காலத்திலே கண்டித்ததும், சைவப் பிள்ளைகளுக்குச் சைவப் பாடசாலை வேண்டும் என்று நின்றதும் இல்லாவிட்டால், இன்று நம் இளைஞர் மன்றமும் இல்லை, இம்மலரும் இல்லை. காலையிலே மிஷன் பாடசாலையிலே ஜெபத்துக்கு நின்று, மாலையிலே வீட்டிலே திருநீறு அணிந்து வளர்ந்த நான், இவ்விரண்டின் விலையையும் ஒருவாறு அறிவேன்.

ஆயினும் நடுநிலையோடு பார்க்குமிடத்து இந்த இருவரும் ஓரிடத்திலே சந்திக்கின்றனர். நாவலர் அவர்கள் சமய அறிவைக் கற்றார் சிலர் கையினின்றும் எடுத்து, எளிய வசனநடையிலே அச்சிட்டு, பாலரும் வாசிக்கத் தந்தார்கள். கிறீன் வைத்திய அறிவை ஆங்கிலம் அறிந்தார் கையினின்றும் எடுத்துத் தமிழிலே அச்சிட்டுத் தந்தார். நாவலர் பெருமான் ஏட்டோடு நின்றவருமல்லர். 1877இலே யாழ்ப்பாணத்திலே பஞ்சமும் நோயும் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்தவர்கள். மதம் வேறு, மக்களிடத்துக் கொண்ட பரிவு ஒன்றே. தமிழன் விளங்கிக்கொள்ள முடியாத அறிவு தமிழனுக்கு உதவாது என்பதை இருவரும் கண்டிருந்தனர்.

1873இலே கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நிரந்தரமாகத் தாய்நாடு சென்றார். உடலிலே முன்னைய வலிமை இல்லை. இரு தடவையுமாக இருபது ஆண்டுக்கு மேல் நம்மிடையே உழைத்திருந்தார். இனி ஓய்ந்திருக்கலாம். அவர் ஓயவில்லை. வூஸ்டர் நகரிலே, பனி பெய்யும் மாரியிலே, பேசுவதற்கு ஒரு தமிழரும் அருகில்லாத வீட்டிலே இருந்து தமிழ் நூல்களையே திருத்தியும் எழுதியும் வந்தார். மனுஷ சுகரணம் 1883இலே வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1884 மே 28ஆம் திகதி, அவர் காலமானார். தம் கல்லறையிலே தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று பொறிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே பொறிக்கப்பட்டது. தமிழ்நாட்டையும் ஈழத்தையும் அறியாத ஓர் ஊர்ச் சேமக்காலையிலே இன்றும் தமிழர் என்ற பெயர் ஒரு கல்லிலே இருக்கின்றது.

அவர் பெயராலே மானிப்பாயிலே கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கின்றது. கவிஞர் அம்பி அவர்கள் 1967இலே கிறீனின் அடிச்சுவடு என்னும் நூலை எழுதி மறந்துபோன தமிழருக்கு அவரை நினைவூட்டினார். ஆனால் தமிழிலே வைத்தியம் கற்பித்தல் அவருக்குப் பின் நிலைக்கவில்லை. வைத்தியக் கல்வி ஆங்கிலத்துக்கே திரும்பியது, இன்றும் அவ்வாறே. உலகத்து ஆராய்ச்சியெல்லாம் ஆங்கிலத்திலே இருக்கும்போது அதை முற்றாக விடல் இயலாதென்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். படிப்பது எம்மொழியிலாயினும், நோயாளியோடு பேசுவது அவன் மொழியிலே இருத்தல் வேண்டும். அங்கேதான் கிறீன் இன்றும் நமக்கு வேண்டியவராகின்றார்.

திருவள்ளுவ நாயனார் மருந்து என்னும் அதிகாரத்திலே நோயாளி, வைத்தியன், மருந்து, உடனின்று உதவுவோன் என நான்கு கூறுகளைக் காட்டினார். இந்நான்கையும் ஒன்றாகக் கட்டும் கயிறு மொழியேயாகும். கயிறு அறுந்தால் நான்கும் நான்கு திசையிலே கிடக்கும். என் அம்மம்மாவின் விஷயத்திலே வைத்தியர் நல்லவர், மருந்து நல்லது, நோயாளியும் சொற்கேட்பவர். அறுந்தது கயிறே.

உடம்பின் புண்ணையாவது வைத்தியன் கண்ணாலே காணலாம். மனத்தின் புண்ணைச் சொன்னாலன்றி எவரும் காணல் இயலாது. 2009இலே இந்த நந்திக்கடலின் கரையிலே நடந்தவற்றை இம்மலரின் வாசகருக்கு நான் எழுதிக்காட்ட வேண்டுவதில்லை. நான் அப்பொழுது சிறு பிள்ளை. என்னிலும் மூத்தவர்களுள் இன்றும் இரவிலே உறங்காதவர் உண்டு. வெடிச்சத்தம் கேட்டால் பொங்கல் வெடியென்றறிந்தும் நடுங்குவோர் உண்டு. காணாமற் போன பிள்ளைக்குச் சோற்றுக்கோப்பை எடுத்துவைக்கும் தாய்மார் உண்டு. அவர்களுக்கு வேண்டிய முதல் மருந்து, அவர்கள் மொழியிலே, அவசரமின்றி, இருந்து கேட்கும் ஒரு செவி. அதன் பின்னரே குளிசை. மனநோய்க்கு வைத்தியம் உண்டென்பதையும், அதை நாடுதல் வெட்கமன்று என்பதையும் நம் பெரியோர்கள் கோயில் வீதியிலே ஒரு வார்த்தை சொன்னாற் போதும். எத்தனையோ வீடுகளிலே விளக்கெரியும். அம்மாளிடம் நேர்த்தி வைப்பதும் வைத்தியரிடம் போவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வைசூரியை அம்மாளின் பெயராலே அஞ்சிய நம் முன்னோர், பின்னர் அம்மைப்பாலும் குத்திக்கொண்டனர். 1980இலே வைசூரி உலகைவிட்டே ஒழிந்ததென உலக சுகாதார தாபனம் அறிவித்தது. பொங்கல் நின்றுவிடவில்லை, கூட்டம் பெருகியே வருகின்றது.

இறுதியாக நம் சங்கத்து இளைஞருக்கு ஒரு விண்ணப்பம். கிறீனைப்போல நாலாயிரம் பக்கம் எழுத நம்மால் இயலாது. ஆயினும் கிளினிக் நாட்களிலே இருவர் இருவராக முறைவைத்து, உத்தரவு பெற்று, வைத்தியசாலை வாசலிலே இருக்க இயலும். வெளியே வரும் முதியோரின் துண்டையும் கொப்பியையும் வாங்கிப் பார்த்து, எந்தக் குளிசை எந்த நேரம் என்பதை மருந்து கொடுப்பவரிடம் கேட்டுத் தெளிந்து, உறையின்மேல் பெரிய தமிழ் எழுத்திலே எழுதிக் கொடுக்க இயலும். எழுத்தறியாதவருக்குக் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் கீறிக்கொடுக்கலாம். சென்ற விடுமுறையிலே என் அம்மம்மாவின் உறைகளுக்கு நான் அவ்வாறே கீறிக் கொடுத்தேன். அவர் அவற்றை அம்மாளின் படத்தடியிலே வைத்திருக்கின்றார். காலையிலே விளக்கேற்றியதும் சூரியன் உள்ள உறையைத் தாமே எடுக்கின்றார். இவ்வருடப் பொங்கலுக்கு முன்னரே நம் மன்றம் இத்தொண்டைத் தொடங்குமாயின், அதுவே டாக்டர் கிறீன் அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.